மெயில் அனுப்பும்போது பாஸ்வேர்டு எதுக்கு?

ஆபீஸ் மெயிலை போனில் செட் பண்ணியிருக்கீங்களா? வர்ற மெயில் எல்லாம் ஜம்முனு வரும். பதில் போட்டா மட்டும் 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்று முகத்தில் அடிக்கும். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனா, உங்க இன்பாக்ஸ் குப்பைமேடாகாமல் இருக்க இந்தக் கறார் சர்வரும் ஒரு காரணம்.

ஒரு காலத்தில் இந்தக் கெடுபிடியே கிடையாது. டவுனுக்குப் போகிறவரிடம் 'அப்படியே இந்த லெட்டரையும் போஸ்ட் பண்ணிடுங்களேன்' என்று கொடுத்துவிடுவோமே, அந்த மாதிரிதான். யார் கொடுத்த மெயிலையும் வாங்கி அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடுவார்கள். மெயில் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி விதிகள் 1982-ல் எழுதப்பட்டபோது, 'நீ யாருப்பா?' என்று கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. இப்படித் திறந்து கிடக்கும் சர்வருக்குப் பெயர், ஓப்பன் ரிலே.

90-களில் ஸ்பேம் ஆசாமிகள் இதை மோப்பம் பிடித்தார்கள். ஒரே ஒரு மெயில், கூடவே ஆயிரக்கணக்கான முகவரிகள். ஏதோ ஒரு காலேஜ் சர்வரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் அனுப்பும் வேலை, செலவு, வாங்கும் திட்டு எல்லாம் அந்த காலேஜுக்கு. கொடுமை என்னன்னா, சர்வர் தடைப்பட்டியலில் ஏறிவிட்டால் அங்கிருக்கும் பேராசிரியரின் நிஜ மெயிலும் போய்ச் சேராது.

1998-ல், அப்போது பரவலாக ஓடிய 'சென்ட்மெயில்' மென்பொருள் தன் 8.9 பதிப்பில் ரிலேவை மூடியே கொடுத்தது. இப்போ சர்வர் பார்ப்பது இரண்டுதான்: அனுப்புறவர் நம்ம ஆளா? இல்லைன்னா, வாங்குறவராவது நம்ம ஆளா? ரெண்டும் இல்லைன்னா, கிளம்பு!

எல்லோரும் இதை ஏற்கவில்லை. டிஜிட்டல் உரிமைகளுக்கான இ.எஃப்.எஃப் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர், பயணத்தில் இருக்கும் நண்பர்களுக்கு உதவுமே என்று தன் சர்வரைத் திறந்தே வைத்திருந்தார். மூடச் சொல்வது தணிக்கை என்பது அவர் வாதம். இன்டர்நெட் கொடுத்த நிறுவனம் இணைப்பையே துண்டித்தது. அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

சரி, உங்க போனுக்கு வருவோம். மெயில் ஆப் செட்டிங்ஸில் 'அவுட்கோயிங் சர்வர்' பகுதிக்குப் போங்க. லாகின் தேவை என்பதை ஆன் செய்து, யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்க. போர்ட் 25 என்று இருந்தால் 587 ஆக மாற்றிப் பாருங்க. பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் பாஸ்வேர்டைத்தான் இப்போ ஸ்பேம் ஆசாமிகள் திருடப் பார்க்கிறார்கள். 'சென்ட்' ஃபோல்டரில் நீங்க அனுப்பாத மெயில் ஏதாவது இருந்தா, உடனே பாஸ்வேர்டை மாத்திடுங்க.