அம்புலிக்கு அடுத்து சிற்றில்

தமிழகக் கல்வி வரலாற்றைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதே வழக்கம். ஐந்து வயதில் ஏடு தொடங்கி, மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைதான் அந்த வரலாற்றில் நமக்குத் தட்டுப்படும் முதல் மாணவன். அதற்கு முன்பு வீட்டுக்குள் நடந்த கற்றலுக்குச் சான்றே இல்லை என்பதுபோல் கடந்துவிடுகிறோம். சான்று இருக்கிறது. அதைச் சிற்றிலக்கியம் என்று வகைப்படுத்தி, புலவர்களின் சொல்வளத்துக்காக மட்டும் படித்து வந்திருக்கிறோம். குழந்தை எதற்குப் பின் எதைச் செய்யும் என்று தமிழ் வீடுகள் கண்டு வைத்திருந்த வரிசை, அரசனையோ தெய்வத்தையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழில் பதிவாகியிருக்கிறது. அந்த வரிசையில் பிள்ளையின் கற்பனை விளையாட்டும் ஒரு வளர்ச்சிப் படியாகவே எண்ணப்பட்டது என்பது என் வாதம்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் ஆண் பெண் இருபாலுக்கும் பொது. ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை. ஆறாவது பருவத்தோடு உடலின் கதை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. ஏழாவதில் பிள்ளையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பாலுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். நடக்கத் தொடங்கிய பிள்ளையிடம் எழுத்தையோ எண்ணையோ இந்த வரிசை கேட்கவில்லை. வானத்தில் இருப்பதை விளையாட்டுத் துணையாகவும், மணலை வீடாகவும், சக்கரம் கோத்த மரத்துண்டைத் தேராகவும் கொள்ளும் மனத்தையே அடுத்த வளர்ச்சியாகக் கண்டது.

இவை அரசனையும் தெய்வத்தையும் புகழப் புலவர் வகுத்துக்கொண்ட மரபுதானே, வீட்டுக் குழந்தைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வி வலுவானது. நமக்குக் கிடைத்தவற்றுள் பழைய பிள்ளைத்தமிழ், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது. அம்புலிப் பருவத்தில் சாம, பேத, தான, தண்டம் என்ற நான்கு உபாயங்களால் நிலாவை அழைப்பதும் அரசவையின் வழக்குத்தான். ஆனால் இந்த மரபுக்கு மூலம் அரசவையில் இல்லை. ஒட்டக்கூத்தருக்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனைச் செங்கீரையும் சப்பாணியும் தளர்நடையும் அம்புலியுமாகப் பாடிவிட்டார். பூச்சி காட்டிப் பிறரை அச்சுறுத்தும் பிள்ளை விளையாட்டுக்கென்றே அவர் ஒரு பதிகம் வைத்திருக்கிறார். பிற்காலப் பத்துப் பருவங்களில் அதற்கு இடமில்லாமல் போனது நமக்கு இழப்பு. இன்னும் பின்னே போனால், தச்சன் செய்த சிறுதேரில் ஏற முடியாவிட்டாலும் கையால் இழுத்தே மகிழும் சிறுவர்கள் குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் உவமையாக வருகிறார்கள். பட்டினப்பாலையில் முக்கால் சிறுதேர் உருள்கிறது. கேட்பவர் தம் வாசலிலேயே பார்த்த காட்சியாக இல்லாவிட்டால் உவமை நிற்காது. புலவர் வீட்டிலிருந்து எடுத்துத்தான் அரசனுக்குச் சூட்டினார்.

என் வாதத்துக்கு மாதக் கணக்கு இன்னொரு தடை. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் மரபு 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாகப் பருவங்களை அடுக்குகிறது. குழந்தைகள் அப்படிச் சீராக வளர்வதில்லை. செங்கீரைக்குச் சொல்லப்படும் 5ஆம் மாதத்தில் பல குழந்தைகளுக்கு அந்த நிலை கைகூடாது. ஆகவே எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வரிசையைத்தான் பார்க்க வேண்டும், அது உறுதியாக நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, குழந்தை துணையின்றி நடப்பது ஏறத்தாழ 8 முதல் 18 மாதங்களுக்குள் நிகழ்கிறது. வருகைக்குரிய 13ஆம் மாதம் அதன் நடுவே விழுகிறது. ஒரு பொருளை வேறொன்றாகப் பாவிக்கும் விளையாட்டு இரண்டாம் வயதின் பிற்பாதியில் தெளிவாகத் தலைகாட்டும் என்பது உளவியலாளர் ழான் பியாஜே முதலானோர் கண்டது. சிற்றிலும் சிறுதேரும் வருவது அந்த மாதங்களை ஒட்டித்தான். பெற்றவர்களும் செவிலியரும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சேர்த்த அறிவு இல்லாமல் இந்தப் பொருத்தம் வந்திருக்க முடியாது.

இந்த மரபில் ஒரு குறையும் உண்டு, அதை மழுப்பக் கூடாது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றிலைக் கட்டுவது பாட்டுடைத் தலைவனான பிள்ளை அல்ல. சிறுமியர் கட்டிய மணல்வீட்டை அவன் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் இறைஞ்சுகிறார்கள். கட்டியவளுக்கு அங்கே பெயர்கூட இல்லை. ஆனாலும் மணலை அறையறையாகப் பிரித்து, சிறுசோறு அட்டு, இல்லாத விருந்தினருக்குப் பரிமாறிய அவளுடைய கற்பனை அந்தப் பாட்டுகளில்தான் தங்கியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடியபோது பெண்குழந்தையின் பருவங்களுக்கே ஒரு முழு நூல் கிடைத்தது. திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கற்றலின் வரலாற்றை அந்தத் திண்ணையிலிருந்து எழுதத் தொடங்கினால், மணலில் வீடு கட்டிய சிறுமி முதல் பக்கத்திலேயே விடுபட்டுப் போகிறாள்.