பேஷண்டே கதிர் வீசினா எக்ஸ்ரே எப்படி எடுப்பீங்க?

ஒரு பேஷண்ட் வர்றார். உள்ளே விரிசல் இருக்கான்னு பார்க்கணும். ஆனா அவர் உடம்பே காமா கதிர் வீசுது. ஃபிலிமைப் பக்கத்துல வெச்சாலே கருத்துடும். என்ன செய்வீங்க?

அணு உலையில் எரிந்த எரிபொருள் கம்பிதான் அந்த பேஷண்ட்.

1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். மூன்றே வருடத்தில் பெர்லினில் கால்மன், குன் இருவரும் அதை வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கால்மன், யூத வம்சாவளி என்பதால் 1933இல் நாஜிக்களால் வேலையிழந்தவர்!

எக்ஸ்ரே ஈயத்தில் நின்றுவிடும். நியூட்ரான் ஈயத்தைச் சுலபமாகத் தாண்டும்; ஹைட்ரஜன், யுரேனியம்-235, புளூட்டோனியத்தில் மாட்டிக்கொள்ளும். ஆக, உறைக்குள் எரிபொருள் எங்கே இருக்குன்னு நிழலாத் தெரியும்.

சரி, காமா தொல்லை? ஃபிலிமை உள்ளேயே கொண்டு போகமாட்டாங்க. டிஸ்ப்ரோசியம் தகடுதான் போகும். காமா பட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது. நியூட்ரான் பட்ட இடம் மட்டும் கதிர்வீச ஆரம்பிக்கும். அப்புறம் தகட்டை வெளியே எடுத்து, ஃபிலிமோடு ஒட்டி வெச்சா படம் ரெடி.

நம்ம கல்பாக்கத்துலயும் இது நடக்குது. 1996 அக்டோபர் 29 அன்று இயங்கத் தொடங்கிய காமினி உலை, வெறும் 30 கிலோவாட். எரிபொருள், தோரியத்திலிருந்து எடுத்த யுரேனியம்-233. அங்குள்ள சோதனை வேக ஈனுலையில் எரிந்த கம்பிகளை வெட்டாமலே இதில் பார்க்கிறார்கள். உள்ளே வீக்கம் தெரியாம மேலும் எரிய விட்டா, உறை கிழிஞ்சிடலாம்.

இஸ்ரோ ராக்கெட்டின் சிறு வெடிமருந்துப் பாகங்களுக்கும் இங்கே ஸ்கேன் உண்டு. உலோகக் கூட்டுக்குள்ள மருந்து சரியா நிரம்பியிருக்கான்னு பார்க்க!