தோளில் விழுந்த துணி

வரலாற்றுப் படம் எடுக்கும் ஆர்வம் இன்று மாணவரிடையே மிகுந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், எந்தக் காலத்தை எடுப்பது என்ற கேள்வி எழுந்ததுமே, மணிமுடியும் மார்புக் கவசமும் மின்னும் வாளுமே அவர்தம் மனக்கண்முன் அணிவகுக்கின்றன. அரசன் இன்றி வரலாறு இல்லையா? அரண்மனைக்கு வெளியே மக்கள் வாழ்ந்ததில்லையா? வாடகைக்குக் கிடைக்கும் அட்டை முடியைச் சூட்டி, ஜிகினா தைத்த பட்டை உடுத்திவிட்டால் சோழர் காலம் வந்துவிடுமோ? வாராது, தோழர்களே! வருவது நாடகக் கொட்டகையின் காலமே!

நாம் ஒரு காலத்தைச் சுட்டுகிறோம். ஆண்டு 1859. இடம் தென் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த குமரி மண். அங்கே அன்று உடை என்பது அழகுக்காக அன்று, உரிமைக்காக! நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்தல் கூடாது. பொன் நகை பூணுதல் கூடாது. குடத்தை இடுப்பில் ஏந்துதலும் கூடாது. அக்குலத்தார் குடை பிடிக்கவும் தடை, செருப்பு அணியவும் தடை!

கர்னல் மன்றோ திவானாக இருந்த நாளில், கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றனர். அவர்களோ மேல்சாதியார் போலத் தோள்சீலையும் அணிந்தனர். பொறுக்குமா ஆதிக்கம்? சந்தையில் சீலை கிழிக்கப்பட்டது. 1829-இல் அரசாணையே தோள்சீலையைத் தடுத்தது. 1858-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரவெல்யான் அழுத்தம் தர, 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் பணிந்தார். முழுமையாகப் பணிந்தாரா? இல்லை! குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்டிர் போல முரட்டுத் துணி சுற்றலாம், எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாது என்றது ஆணை.

அந்த ஆணைதான் உங்கள் உடையமைப்பாளருக்குப் பாடநூல். ஒரே சந்தையில் நிற்கும் இரு பெண்களின் துணி ஒன்றுபோல இருந்தால் உங்கள் கதையே இறந்துவிடும். ஒருத்தி தோளில் சீலை. மற்றொருத்தி உடலில் கையால் தைத்த குப்பாயம். வசனம் எதற்கு? துணியே பேசும்!

நிறத்திலும் விழிப்பு வேண்டும். வேதியியல் சாயத்தை இலண்டனில் பெர்க்கின் கண்டறிந்ததே 1856-இல்தான். மூன்றே ஆண்டில் அது பனங்காட்டுக் குடிசைக்கு வந்திருக்குமா? ஆகவே, கண்ணைப் பறிக்கும் ஊதாவும் இளஞ்சிவப்பும் வேண்டா. வெளுக்காத பருத்தி, அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு — இவை போதும். மாணவரின் மெலிந்த பணப்பைக்கும் இவை ஏற்றவை.

இனி ஒப்பனை. பனையேறியின் உடல் வெயிலில் வெந்தது. மரம் உராய்ந்து மார்பும் கையும் காய்த்தவை. அந்த முகத்தில் வெள்ளை மாவைப் பூசுவது பொய். சிவந்த நடிகையைத் தேடிப்பிடித்து, அவள்மீது கரி பூசி, 'இதுதான் ஏழையின் நிறம்' என்று காட்டுவது அதனினும் பெரிய பொய். கறுத்த முகம் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. அதை அப்படியே ஒளியில் நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர். சீலை கிழிபடும் காட்சியில் பெண்ணின் உடலைக் காட்டாதீர். கிழிக்கும் கையைக் காட்டுங்கள். மண்ணில் விழுந்த துணியைக் காட்டுங்கள். வேடிக்கை பார்த்த முகங்களைக் காட்டுங்கள். ஆதிக்கக்காரன் அன்று செய்ததைக் காமிரா இன்று மீண்டும் செய்தல் தகாது.

மன்னரின் முடியைக் காட்டிய படங்கள் பல. மானத்துக்காக ஒரு முழத் துணி கேட்டுப் போராடிய மங்கையரைக் காட்டும் படத்தை நீங்கள் எடுங்கள். அந்தத் துணியின் விலை என்ன என்பதை நாடு அறியட்டும்!