சத்திரத்து மணியும் செஞ்சிலுவையும்

தஞ்சாவூரினின்று தெற்கே பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் ஒரத்தநாடு என்னும் ஊர் உளது. இரண்டாம் சரபோஜி மகாராஜா முக்தாம்பாள் என்னும் அம்மையின் பெயரால் அங்கே கட்டுவித்த சத்திரத்தைப் பார்த்திராதவர் நம்மவருள் சிலரே. அதன் கல்வேலைப்பாட்டை வியந்து செல்வோர் பலர். அதனுள் நடந்த தர்மம் எத்தகையது என வினவுவோர் அரியர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், இராஜாமடத்து மோகனாம்பாள் சத்திரமும், மீமிசலில் உள்ள இராஜகுமாராம்பாள் சத்திரமும் இவ்வாறே மராட்டிய மன்னர் குடும்பத்தாரால் நிறுவப்பெற்றவை. சேது யாத்திரை செய்வோர் கால்நடையாய் வந்த அக்காலத்தில், வழியில் பசித்தும் நோயுற்றும் வீழ்ந்தவர்க்கு இவையே புகலிடமாயிருந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் வரலாற்றை எழுதப் புகுந்த யாம் சத்திரங்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி, நம் சங்கத்தார்முன் இன்றுள்ள ஒரு வினா தெளிவுறாது.

1799-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் சரபோஜி மகாராஜா தஞ்சைக் கோட்டையும் அதனைச் சார்ந்த சிறு பகுதியும் நீங்கலாகத் தம் இராஜ்யத்தின் ஆட்சியைக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நாடு கைவிட்டுப் போயிற்று. சத்திரங்களின் கதி யாதாகுமோ என்பதே அவர்க்குப் பெருங்கவலையாயிற்று. 1801-ஆம் வருஷத்தில் அவர் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில், சத்திரங்களில் நடைபெறும் தர்மங்களை ஒவ்வொன்றாக விவரித்து, அவற்றிற்குக் குறைவு நேராதபடி காக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். இந்நாட்டு நிவாரணப் பணியின் சரித்திரத்தில் அதற்கு இணையான ஆவணத்தை யாம் கண்டிலேம்.

அக்கடிதத்தின்படி, பிராமணர் முதல் பறையர் ஈறாக வரும் வழிப்போக்கர் யாவர்க்கும் அன்னம் உண்டு. சமைத்த சோற்றை ஏலாதார்க்கு அரிசியும் மற்றப் பண்டங்களும் தனியே அளக்கப்படும். வழங்குதல் நள்ளிரவு வரை நடக்கும்; பின்னர் மணி ஒலித்து, இதுகாறும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வந்து உண்ணலாம் எனக் கூவி அழைப்பர். நோயால் மேற்செல்ல இயலாதவர்க்கு மருந்தும் பத்திய உணவும் அளித்து, குணமாகும்வரை மரியாதையுடன் பேணுவர். பரதேசிகளின் அநாதைக் குழந்தைகள் உபாத்தியாயரிடம் ஒப்புவிக்கப்படுவர். அவர்க்கு நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாட்களுக்கொருமுறை எண்ணெய் முழுக்கும், உடையும், கல்வியும் உண்டு. கற்றுத் தேறியபின் விவாகச் செலவையும் சத்திரமே ஏற்கும். கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்படும். கர்ப்பிணி ஒருத்தி அங்கே பிரசவித்தால் மூன்று மாதம் வரை தங்கியிருக்கலாம். இறந்துபட்டவர்க்கு அவரவர் குல ஆசாரப்படி அந்திமக் கிரியை நடைபெறும்.

இதனைப் படிக்குங்கால் நெஞ்சம் நெகிழ்வது இயல்பே. எனினும் நெகிழ்ச்சியால் கண் மறைந்துவிடலாகாது. யாவர்க்கும் அன்னம் என்பதால் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று கொள்ளுதல் தவறு. அரிசியைத் தனியே அளந்ததும், குல ஆசாரப்படி கிரியை செய்ததும் அக்காலத்து வேற்றுமைகளை நன்கு காட்டுகின்றன. ஆனால் வாயிலில் நிற்பவனை ‘நீ எக்குலத்தான்’ என்று கேட்டது எப்படி உண்பிப்பது என்பதற்கே. உண்பிப்பதா வேண்டாவா என்பதற்கன்று. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை அன்பர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டுகிறோம்.

சத்திரத்திற்கு வேறொரு குறையும் இருந்தது. மானியக் கிராமங்களின் வருவாயும், கொடுப்பவனின் ஆயுளும், அவன் சந்ததியாரின் மனமும் ஒத்திருக்கும்வரையே அது நடக்கும். 1855-இல் தஞ்சை அரசு முடிவுற்றது. சத்திரங்கள் பின்னர் ஜில்லா போர்டின் பார்வைக்கு வந்தன. தாது வருஷப் பஞ்சம் என வழங்கும் 1876–78 பெரும் பஞ்சத்தில் மற்றொரு குறையும் புலனாயிற்று. சத்திரம் வழிப்போக்கனுக்குச் சோறிடும். ஜில்லாக்களே பட்டினி கிடக்கும்போது என் செய்யும்? அப்போது காவிரிப் பாய்ச்சல் பெற்ற நம் பகுதி ஒருவாறு தப்பிற்று. மற்ற ஜில்லாக்களில் நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலியைப்பற்றி எழுந்த கண்டனம் சிறிதன்று. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து எழுந்த வேண்டுகோளின்பேரில் இலண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் நிதி திரட்டப்பெற்றது. வில்லியம் டிக்பி காரியதரிசியாயிருந்து அதனை நடத்தினார். முகமறியாதவர் முகமறியாதவர்க்குச் சந்தா கொடுத்த நிகழ்ச்சி அத்துணைப் பெரிய அளவில் இம்மாகாணத்துக்குப் புதிதாம்.

இனி ஐரோப்பாவின்கண் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்லுவாம். 1859 ஜூன் 24-ஆம் தேதி இத்தாலியில் சோல்பெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. ஜினீவா நகரத்து வியாபாரியாகிய ஹென்றி டூனான் வேறு காரியமாய் அவ்வழி வந்தவர். அருகிலுள்ள காஸ்டிலியோனே என்னும் ஊரின் கோயில்களில் ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரின்றிக் கிடந்தனர். அவ்வூர்ப் பெண்டிர் இன்ன படையினன் என்று பாராமல், எல்லோரும் சகோதரரே என்று சொல்லிக்கொண்டு தண்ணீரும் கட்டுத்துணியும் கொண்டு பணி செய்ததை அவர் கண்டார். 1862-இல் அதனை நூலாக எழுதினார். 1863-இல் ஜினீவாவில் ஐவர் குழு கூடிற்று. 1864-இல் உடன்படிக்கை பிறந்தது. டூனானோ தம் தொழில் முறிந்து, பல்லாண்டு வறுமையில் உழன்று, 1901-இல்தான் முதல் நோபெல் சமாதானப் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார்.

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிறப்பு இத்துணை உருக்கமானதன்று. அது ஒரு கணக்கு விஷயத்தில் தொடங்கிற்று. 1914–18 யுத்தத்தில் காயமுற்றோர்பொருட்டு இந்நாட்டு ஜனங்கள் கொடுத்த பணமும் பொருள்களும் யுத்தம் முடிந்தபின் எஞ்சி நின்றன. அவற்றை இனி யார், எதற்குச் செலவிடுவது என்னும் வினாவுக்கு விடையாக, சர் கிளாட் ஹில் 1920 மார்ச்சில் சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். அம்மாதமே அது 1920-ஆம் வருஷத்து 15-ஆவது சட்டமாயிற்று. பொதுப் பெயரால் திரட்டிய பணம் திரட்டியவர்க்கு உரியதன்று என்பதே அச்சட்டத்தின் அடிப்படை எனலாம். இன்று குடியரசுத் தலைவர் அச்சங்கத்தின் தலைவர். மாநிலக் கிளைக்கு ஆளுநரும், ஜில்லாக் கிளைக்குக் கலெக்டரும் தலைவராவர். 1965-இல் வியன்னாவில் உலகச் செஞ்சிலுவை இயக்கம் பிரகடனம் செய்த ஏழு கொள்கைகளில் ஒன்று, இனமும் மதமும் வகுப்பும் பாராது தேவையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, மிகுந்த துன்பத்திலிருப்பவனுக்கு முதலில் உதவவேண்டும் என்பது.

முதலில் என்ற சொல்லையே நம் ஜில்லாவில் ஆராயவேண்டியுளது. 1924-இல் காவிரியும் கொள்ளிடமும் கரைபுரண்டன. 1952-இலும் 1977-இலும் நாகப்பட்டினத்துப் புயல்கள் வந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி, நாகை ஜில்லாவில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அப்போது செஞ்சிலுவைச் சங்கத்தார் பிற தேசத்துச் சங்கங்களின் துணையோடு இக்கரையில் பணியாற்றினர். அதே நாட்களில், சில ஊர்களில் ஆதிதிராவிட மக்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டனர் என்றும், குடிநீருக்கும் தடை நேர்ந்தது என்றும் பத்திரிகைகள் எழுதின. சரபோஜியின் கடிதத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், எப்படி உண்பிப்பது என்றிருந்த கேள்வி உண்பிப்பதா வேண்டாவா என்று மாறிவிட்டது!

2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நம்மவரில் பலர் ஒரே இரவில் பல வருஷத்துப் பயனை இழந்தனர்; அதனை யாம் சிறிதும் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் ஓட்டு வீடும் மாடி வீடும் நின்றன. மண்சுவரும் கீற்றுக்கூரையும் போயின. அக்கூரையின்கீழ் இருந்தோர் நம் வயலில் நாற்றுப் பறித்து நடவு செய்பவர்களே. புயற்காலந்தோறும் ஒவ்வொரு ஜாதிச் சங்கமும் தத்தம் குலத்தார் பட்டியலை எடுத்துக்கொண்டு புறப்படுமாயின், பட்டியல் வைத்துக்கொள்ளச் சங்கமில்லாதவன் வீட்டுக்கு யார் போவார்?

குலச் சங்கத்தால் நன்மையில்லை என்பது எம் கருத்தன்று. கையேந்தி வரிசையில் நிற்கக் கூசி உள்ளேயே பட்டினி கிடக்கும் விதவையைக் கலெக்டரின் குமாஸ்தா அறியார், நாம் அறிவோம். மாணவர்க்கு நாம் கொடுக்கும் உபகாரச் சம்பளம் நம்மவர் நம்மவர்க்கென்று கொடுத்த பணம். அது அவ்வாறே நடக்கட்டும். புயலின் பெயரால் கடைத்தெருவில் உண்டியல் குலுக்கித் திரட்டும் பணமோ வேறு வகையினது. அதில் பிற குலத்தார் இட்ட காசும் கலந்திருக்கிறது. அதனைத் தனிக்கணக்கில் வைத்து, வீடிழந்தவர் பட்டியலை ஊர்வாரியாக எடுத்து, கூரை போனவர்க்கு முதலிலும் தோப்புச் சேதமுற்றோர்க்குப் பின்னரும் வழங்குவதென்றும், எஞ்சுவதை ஜில்லாச் செஞ்சிலுவைக் கிளைக்குச் செலுத்துவதென்றும் மகாசபையில் தீர்மானிக்கலாம். நம் வாலிபர்களில் சிலர் அக்கிளையில் அங்கத்தினராகி முதலுதவி கற்றுக்கொள்ளலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் இத்தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுமாறு காரியக் கமிட்டியாரை வேண்டுகிறோம்.