விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சாச்சு... அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போ என்ன செய்வது? லினக்ஸுக்கு மாறலாமா?

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், இரும்புலியூர்னு ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய எந்தத் தெருவுக்குள் போனாலும், ஏதாவது ஒரு வீட்டு அலமாரியில் அரசு லேப்டாப் ஒன்று இருக்கும். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதாக இருக்கும். ஆன் ஆவதற்குள் டீ போட்டுவிடலாம். ஆனாலும் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே அதற்குள்தான் இருக்கும்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று ஏற்கெனவே கடந்துவிட்டது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 என்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது.

சரி, அதனால் என்ன? லேப்டாப் நின்றுவிடுமா? நிற்காது. அதுதான் பிரச்சினையே. எல்லாம் நேற்று மாதிரியே ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது.

2017 மே மாதம் உலகத்தையே கலங்கடித்த வான்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கலாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகளும், சப்போர்ட் முடிந்த பழைய விண்டோஸில் ஓடிய கணினிகளும்தான் மாட்டின. திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின.

லேப்டாப்புக்குள் ஏற்கெனவே இருந்த இன்னொரு ஆள்

2011 செப்டம்பர் 15-ம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர்களின் கைக்குப் போயின. வாங்கியவர்கள் ஆன் செய்தபோது, விண்டோஸ் வேண்டுமா, 'பாஸ்' வேண்டுமா என்று ஒரு திரை கேட்டது நினைவிருக்கும். பெரும்பாலானோர் யோசிக்காமல் விண்டோஸை அழுத்தினார்கள்.

பாஸ் என்றால் முதலாளி இல்லை. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னை மையத்தில் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம் இது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. டெபியன் என்ற பழம்பெரும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அதற்கு முன்பே அறிமுகம். எல்காட் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் ஐஏஎஸ் இருந்த காலத்திலேயே அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது. பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்தது எம்எஸ் ஆபீஸ் அல்ல, ஸ்டார் ஆபீஸ். பின்னர் வந்த பிளஸ் ஒன் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமானது.

பாடத்தில் இருந்தது, லேப்டாப்பில் இருந்தது. ஆனால் பழக்கத்தில் இல்லை. பிரவுசிங் சென்டரில் விண்டோஸ், வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ், சர்வீஸ் கடையில் தெரிந்ததும் விண்டோஸ். லேப்டாப் மெதுவானதும் கடைக்குப் போனது, கடைக்காரர் மொத்தமாக ஃபார்மட் செய்து லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார். பாஸ் போன இடம் தெரியவில்லை. பக்கத்து கேரளாவில் கதை வேறு. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் ஓடுகின்றன. 'கைட்' என்ற அரசு நிறுவனம் உபுண்டுவைப் பள்ளிகளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. சிடியைக் கொடுத்தால் மட்டும் போதாது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

2026 ஜனவரி 5-ம் தேதி 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் தொடங்கப்பட்ட லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸ் வருகிறது. இந்த முறையாவது அதை யாராவது திறந்து பார்ப்பார்களா என்று பார்க்கலாம்.

விண்டோஸ் 11-க்கு மாற முடியாதா?

சில லேப்டாப்களில் முடியும். பழையவற்றில் பெரும்பாலும் முடியாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், செக்யூர் பூட், குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம் புராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப் தேறுமா என்பதை மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.

"அதெல்லாம் பார்க்காம போட்டுத் தர்றேன்" என்று கடையில் சொல்வார்கள். போட முடியும்தான். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. அப்டேட்டுக்காக மாறிவிட்டு, அந்த அப்டேட்டே வராமல் போனால் எதற்கு?

உடனே மாற மனமில்லாதவர்களுக்கு ஒரு வாய்தா இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, கணினியின் செட்டிங்ஸை அவர்களின் கிளவுடில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டாம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட் அல்லது 30 டாலர். அதாவது பணமாகக் கட்டலாம், அல்லது தகவலாகக் கட்டலாம்.

பிரைவசிக்கு லினக்ஸ்தான் நல்லதா?

பாதி உண்மை. விண்டோஸ் 10, 11 இரண்டுமே கணினி எப்படி இயங்குகிறது என்ற தகவலை மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்புகின்றன. இதில் 'தேவையான தகவல்' என்று அவர்கள் சொல்லும் பகுதியை சாதாரண வீட்டுப் பதிப்பில் நிறுத்த முடியாது. 'விருப்பத் தகவல்' என்ற பகுதியை நிறுத்தலாம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் டயக்னாஸ்டிக்ஸ் என்ற இடத்தில் அது இருக்கிறது. விளம்பர ஐடியையும் அங்கேயே அணைத்துவிடுங்க.

திரையை அவ்வப்போது படம் பிடித்து வைக்கும் 'ரீகால்' வசதியை 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தள்ளிவைத்து, பயனர் விரும்பினால் மட்டுமே இயங்கும்படி மாற்றித்தான் வெளியிட்டார்கள். அதுவும் கோபைலட் பிளஸ் எனப்படும் புதுரக கணினிகளில் மட்டும்தான். உங்கள் பழைய லேப்டாப்பில் ரீகால் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

லினக்ஸ் தரப்பும் முழுக்க சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 2012-ல் உபுண்டு, பயனர்கள் தங்கள் கணினிக்குள் தேடும் சொற்களுக்கு அமேசான் பொருட்களையும் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டது. பிறகு அதைக் கைவிட்டது. பொதுவாக இன்று லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவை கணக்கு கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை. ஆனால் அதில் குரோமைத் திறந்து கூகுள் கணக்கில் லாகின் செய்துவிட்டால், கூகுளைப் பொறுத்தவரை நீங்கள் அதே ஆள்தான்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. வீட்டுத் தகவல் வெளியே போக அமெரிக்க கம்பெனிதான் வேண்டும் என்றில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குடும்பப் போட்டோக்கள், ஆதார் நகல் எல்லாம் அதற்குள் இருக்கும். போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றி, பிரவுசரில் இருந்து லாக்-அவுட் செய்து, சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். கிராக் விண்டோஸை ஆக்டிவேட் செய்யப் போடும் சின்ன 'டூல்' பலவற்றில் வைரஸ் ஒளிந்திருப்பதும் புதிய செய்தி இல்லை.

கேம் ஆடுறவங்க கவனிக்க வேண்டியது

லினக்ஸில் கேம் ஆட முடியாது என்பது பழைய பேச்சு. ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-ல் 'புரோட்டான்' என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. விண்டோஸுக்காக எழுதிய கேம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. டோட்டா 2, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை நேரடியாகவே லினக்ஸில் ஓடும்.

சிக்கல் வருவது ஆன்லைன் போட்டி கேம்களில். ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க இவை 'ஆன்டி சீட்' மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. வாலரன்ட்டின் வான்கார்ட் விண்டோஸின் அடிமட்டம் வரை இறங்கி உட்கார்ந்து கொள்ளும். லினக்ஸில் அதற்கு வழியில்லை, எனவே வாலரன்ட் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் முன்பு ஓடியது, 2024 இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களை அந்த நிறுவனமே தடுத்துவிட்டது. ஜிடிஏ ஆன்லைனும் அதே ஆண்டு அதே வழியில் போனது.

இங்கே ஒரு முரண். பிரைவசி பேசும் பையன்தான் இரவில் வாலரன்ட் ஆடுகிறான். கணினியின் அடிவேர் வரை போகும் உரிமையை ஒரு கேம் கம்பெனிக்குத் தானே கொடுத்திருக்கிறான். தவறு என்று சொல்லவில்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மட்டும்தான் என்றால் அவை மொபைல் கேம்கள், லேப்டாப்போடு சம்பந்தமே இல்லை. எமுலேட்டர் போட்டு ஆடுபவர்கள் மட்டும் கவனிக்கவும். ப்ளூஸ்டாக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அரசு லேப்டாப்பில் வைஸ் சிட்டி ஆடிய தலைமுறைக்கு ஒரு நல்ல செய்தி: அந்த மாதிரி பழைய கேம்கள் பெரும்பாலும் லினக்ஸிலும் ஓடிவிடும்.

யார் மாறலாம், யார் மாறக் கூடாது?

லேப்டாப்பில் நீங்கள் செய்வது யூடியூப், ஜிமெயில், ஆன்லைன் விண்ணப்பம், நெட் பேங்கிங், வேர்ட் கடிதம், பைத்தான் பயிற்சி... இவ்வளவுதான் என்றால் தாராளமாக மாறலாம். எல்லாமே பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் முடியும். பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தமாக இருக்கும். 4 ஜிபி ராமில் ஓடும். பணம் செலவழிக்க முடியும் என்றால் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். லேப்டாப் வேகமாவது பெரும்பாலும் அதனால்தான்.

டேலி வைத்துக் கணக்கு எழுதுபவர்கள் மாற வேண்டாம். அது விண்டோஸுக்கான மென்பொருள். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் திறக்கும், ஆனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இ-சேவை வேலைக்குக் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்களும் அப்படியே. போட்டோஷாப் லினக்ஸில் கிடையாது.

டிடிபி வேலை செய்பவர்களுக்குத் தனிப் பிரச்சினை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரிகை, போஸ்டர் ஃபைல்கள் ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபான்ட்டை லினக்ஸிலும் போட்டுப் படிக்கலாம், ஆனால் அந்த முறையில் டைப் செய்யும் மென்பொருட்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது, நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகை இன்னும் ஏற்கவில்லை! யூனிகோடில் அடிப்பவர்களுக்குத் தொல்லை இல்லை. தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலேயே கிடைக்கும்.

அழிக்காமல் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளது அழிந்துவிடும், கவனம். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தினால், லெனோவா உட்படப் பலவற்றில் எதில் இருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். மாடலுக்கு மாடல் பட்டன் மாறலாம்.

பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதில் இருந்தே ஓடும். 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தாத வரை லேப்டாப்பில் உள்ள விண்டோஸும் ஃபைல்களும் அப்படியே இருக்கும். பென் டிரைவில் இருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் முயற்சி செய்பவர்கள் முதலில் பிட்லாக்கர் ரெகவரி கீ-யை எழுதி வைத்துக்கொள்ளவும். பூட் செட்டிங்கை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். கீ இல்லாவிட்டால் ஃபைல்களைத் திறக்க முடியாது.

ஓட்டிப் பார்க்கும்போது வைஃபை, சவுண்ட், கேமரா, பிரின்டர் நான்கையும் சோதித்துவிடுங்கள். சில பழைய லேப்டாப்களில் வைஃபை மட்டும் பிடிக்காது. பயப்பட வேண்டாம். மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்து, 'டிரைவர் மேனேஜர்' பகுதியைத் திறந்தால், தேவையான டிரைவர் இருக்கும்பட்சத்தில் அதுவே இறக்கிக்கொள்ளும்.