பெரிய பள்ளியின் கல்லெழுத்தும் நமது அமானிதமும்



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் நம்மில் பலர் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளியில் ஒரு ஜும்ஆவாவது தொழுதிருப்போம். அங்குள்ள ஒரு கல்லெழுத்தை நின்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆற்காட்டு நவாப் வாலாஜா முஹம்மது அலி அவர்களின் குடும்பத்தார் 1795-ஆம் ஆண்டில் கருங்கல்லால் எழுப்பிய பள்ளி அது. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் 'திக்ருல்லாஹி அக்பர்' என்னும் சொற்றொடரை இயற்றியவர் ராஜா மக்கன்லால் 'கிரத்' என்னும் இந்துப் பெருமகனார். அப்ஜத் கணக்கின்படி 'திக்ரு' 920, 'அல்லாஹ்' 66, 'அக்பர்' 223. கூட்டினால் ஹிஜ்ரி 1209. நவாபின் அவையிலிருந்த பாரசீகப் புலவரான அவரது சொல்லை நம் முன்னோர் இறையில்லத்தின் கல்லிலேயே பொறித்து வைத்தனர். அக்கால நல்லிணக்கத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்? லக்னோ ஃபரங்கி மஹல் மரபில் வந்து, 1810-இல் சென்னையில் மறைந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களின் அடக்கத்தலமும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

அதே நவாப் 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையோ, 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபின் ஆங்கில அரசின் வசமாயிற்று. பின்னாளில் அரசு அலுவலகங்கள் இயங்கிய அதன் கலசா மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. இடித்துவிடாமல் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை கொண்டு அது மீட்டெடுக்கப்பட்டது நமக்கு ஆறுதல், பாடமும்கூட.

தீ மட்டுமா அழிக்கிறது? நமது நல்லெண்ணமும் சில வேளைகளில் அழித்துவிடுகிறது. கல்லெழுத்தின் மீது வண்ணம் பூசினால் எழுத்து மறைகிறது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது; அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கிறது. பளபளக்கும் ஓடுகளைப் பதிப்பதற்காகப் பெயர்த்தெடுக்கும் கல்வெட்டு மீண்டும் தன் இடத்திற்கு வருவதில்லை.

தொழுவோர் பெருகும்போது பள்ளிகளை விரிவாக்குவது கடமையே; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படமெடுத்து, வாசகத்தைப் படியெடுத்து நிர்வாகப் பதிவேட்டில் சேர்ப்போம். பழங்கட்டடப் பணி அறிந்தவர்களிடம் ஆலோசனை பெறுவோம்.

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. நாளை வரும் பயணி பார்ப்பதற்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம்? வக்ஃபு என்பது நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. வரும் தலைமுறைக்காக நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதைக் குறைவின்றி ஒப்படைக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.