பந்துக்குள் போக மறுத்த எலி

பழைய கேம் பாய் ஒன்றில் போகிமான் மஞ்சள் பதிப்பின் கேட்ரிட்ஜைச் சொருகி சுவிட்சைத் தள்ளினால், தலைப்புத் திரை வந்ததும் ஒரு குரல் கூப்பிடும். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல அத்தனை கரகரப்பு. ஆனாலும் அது யார் என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது. பிக்காச்சு! தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. எனக்கு இந்தக் கரகரப்பு ரொம்பப் பிடிக்கும். ஒரு வீடியோ கேமில் பிறந்து, தொலைக்காட்சிக்குப் போய், அங்கே வளர்ந்து, மறுபடி பிறந்த வீட்டுக்குத் திரும்பிய ஒரு சின்ன உயிரின் பயணக் களைப்பு அதில் கேட்கிறது.

புறப்பட்டபோது அதற்கு இந்தக் குரல் இல்லை. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் போகிமான் விளையாட்டின் சிவப்பு, பச்சை என்ற இரண்டு பதிப்புகள் வெளியாயின. கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் சடோஷி தஜிரி உருவாக்கிய உலகம் அது. 151 உயிரினங்களில் பிக்காச்சுவின் வரிசை எண் 25. வரைந்தவர் அட்சுகோ நிஷிடா. டைஃபுகு என்கிற ஜப்பானிய அரிசிமாவு இனிப்புக்கு இரண்டு காது முளைத்த மாதிரிதான் முதலில் வரைந்தார். பிறகு, அணில் கன்னத்துக்குள் தீனியைச் சேர்த்து வைப்பது நினைவுக்கு வர, இது கன்னத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கட்டும் என்று முடிவு செய்தார். அந்தச் சிவப்பு வட்டங்கள் அப்படி வந்தவை.

அந்த விளையாட்டில் பிக்காச்சு நாயகன் இல்லை. விரிடியன் காட்டில் புல்லுக்குள் நடந்துகொண்டே இருந்தால், எதிர்ப்படும் 20 உயிரினங்களில் ஒன்று பிக்காச்சுவாக இருக்கலாம். புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வந்து வந்து அலுத்துப்போன நேரத்தில் திடீரென்று எட்டிப் பார்க்கும் ஒரு குண்டு எலி. பிடித்துவிட்டால் மற்றவற்றைப்போல அதுவும் பந்துக்குள் போய்விடும்; சண்டை வந்தால்தான் வெளியே. குரல் என்று இருந்ததும் வெறும் மின்னணுக் கீச்சு. சில பத்து அடிப்படை ஒலிகளை வைத்துக்கொண்டு, அவற்றின் சுருதியையும் நீளத்தையும் மாற்றி மாற்றியே 151 உயிர்களுக்கும் ஒலி கொடுத்திருந்தார்கள்.

தொலைக்காட்சித் தொடர் எடுக்க முடிவானபோது, நாயகனுக்கு எந்த உயிரினத்தைத் துணையாக வைப்பது என்ற கேள்வி வந்தது. இளஞ்சிவப்பு நிறக் கிளெஃபேரியின் பெயரும் அப்போது பேச்சில் இருந்தது. கடைசியில் பிக்காச்சுவுக்கு இடம் கிடைத்தது. மஞ்சள் தூரத்திலிருந்தே குழந்தைகள் கண்ணில் படும் நிறம். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்ந்தே பிடிக்கும் முகம். இந்தத் தேர்வு மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தால், 25ஆம் எண் எலி விரிடியன் காட்டுப் புல்லிலேயே இருந்திருக்கும்.

1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் முதல் பகுதி ஒளிபரப்பானது. இயக்கம் குனிஹிகோ யுயாமா, தலைமை எழுத்தாளர் தகேஷி ஷுடோ. சிறுவன் பெயர் சடோஷி. ஆங்கில வழியாகப் பார்த்தவர்களுக்கு அவன்தான் ஆஷ். விளையாட்டின் தொடக்கத்தில் நாயகனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காட்டும் பெயர்களில் சடோஷியும் ஒன்று; தஜிரியின் சொந்தப் பெயர் அது. ஆக, விளையாட்டிலிருந்து ஒரு பெயரும் ஒரு எலியும் தொலைக்காட்சிக்குக் குடிபோயின.

அங்கே போனதும் எலிக்கு ஒரு குணம் வந்தது. தூங்கிப்போய்த் தாமதமாக வந்த பையனுக்கு, வழக்கமாகக் கொடுக்கும் மூன்று உயிரினங்களும் மிஞ்சவில்லை. பேராசிரியர் ஓக் கையில் இருந்தது அடங்காத ஒரு பிக்காச்சு மட்டும். அது பந்துக்குள் போக மாட்டேன் என்றது. பையன் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலத்துக்குள் பறவைக் கூட்டம் ஒன்று துரத்த, அடிபட்டுக் கிடந்த பிக்காச்சுவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான் அந்தப் பையன். மறு நொடி அந்த எலி அவன் தோளில் ஏறித் தாவி, தன் மின்னலை எல்லாம் கொட்டியது. பிறகு அது பந்துக்குள் போகவே இல்லை, தோளில்தான் பயணம்.

குரல் இகுவே ஒடானியுடையது. வசனம் முழுக்கத் தன் பெயர்தான். ‘பிகா’, ‘பிக்காச்சு’, ‘சா’ என்ற இந்தச் சில அசைகளுக்குள் கோபம், கெஞ்சல், தூக்கம், பெருமை, பிரிவு எல்லாவற்றையும் அவர் கொண்டுவந்தார். தொடர் பிற நாடுகளுக்குப் போனபோது மனிதர்களுக்கு அந்தந்த மொழிக் குரல். பிக்காச்சுவுக்கு மட்டும் ஒடானியின் குரலே கூடப் போனது. மொழிபெயர்க்க அதில் என்ன இருக்கிறது?

1997 டிசம்பர் 16 அன்று பெரிய துயரம் ஒன்று நடந்தது. 38ஆம் பகுதியில், பாய்ந்துவரும் ஏவுகணைகளைப் பிக்காச்சு மின்னலால் தாக்க, திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை போல மாறி மாறி மின்னியது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வலிப்பும் மயக்கமுமாகச் சரிந்தார்கள். 685 பேரை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தொடர் நான்கு மாதம் நின்று, 1998 ஏப்ரல் 16 அன்றுதான் திரும்பி வந்தது. மின்னலை விட்டது பிக்காச்சு. அந்தக் கதையில் இடம்பெற்ற போரிகன் என்ற உயிரினமோ அதன் பிறகு தொடரின் கதைக்குள் வரவே இல்லை. விளையாட்டில் மட்டும் போரிகன் இருந்துகொண்டே இருந்தது. 1999இலும் 2006இலும் அதற்குப் புதிய வடிவங்கள்கூடக் கிடைத்தன. தொலைக்காட்சி தள்ளி வைத்ததை விளையாட்டு தள்ளி வைக்கவில்லை. போரிகனுக்கு அங்கே ஓர் இடம் மிஞ்சியதில் எனக்கு ஆறுதல்.

தொடர் மீண்டு ஐந்து மாதம் ஆகியிருந்த நேரம், 1998 செப்டம்பர் 12 அன்று, விளையாட்டின் புதிய பதிப்பு ஒன்றில், எலி வீடு திரும்பியது. ஜப்பானில் அந்தப் பதிப்பின் பெயரே ‘பிக்காச்சு’, வெளிநாடுகளில் ‘மஞ்சள்’. பழைய விளையாட்டின் அதே ஊர்கள், அதே சாலைகள். ஆனால் இப்போது பையன் நடந்தால் பின்னாலேயே ஒரு சின்ன உருவம் குடுகுடுவென்று வருகிறது. பந்துக்குள் போகாது. திரும்பி நின்று ஏ பொத்தானை அழுத்தினால் அதன் முகம் பெரிதாகத் தெரியும்: முறைக்கும், சிரிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு வருடம் முன்பு இருந்த குண்டு உடம்பு இளைத்து, தொலைக்காட்சியில் பார்த்த உருவமாக வந்திருந்தது.

அப்படியே நகலெடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். தொடரில் பையன் தூங்கிப்போனான். விளையாட்டில் நீங்கள்தான் அந்தப் பையன். உங்களைத் தூங்கவைத்துக் கதையைத் தொடங்க முடியாது. அதனால் மேசையில் ஒரே ஒரு பந்து, உள்ளே ஈவீ என்ற வேறோர் உயிரினம். நீங்கள் கை நீட்டும்போது போட்டிக்காரப் பையன் இடித்துத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டு போகிறான். சற்று முன்னால் ஊர் எல்லைப் புல்லில் ஓக் பிடித்த காட்டுப் பிக்காச்சு உங்களுக்கு வருகிறது.

பெரிய சிக்கல் பியூட்டர் நகரத்தில் காத்திருந்தது. அங்கே ப்ராக் என்பவனின் ஜிம், ஜெயித்துத் தாண்ட வேண்டிய சண்டைக்களம். அவன் வைத்திருக்கும் ஓனிக்ஸ், பாறையும் மண்ணுமான பாம்பு. மண் வகைமேல் மின்சாரம் ஏறாது என்பது விளையாட்டின் அடிப்படை விதி. தொடரில் இதைத் தாண்டியது எப்படி? பிக்காச்சுவின் தீப்பொறியில் கட்டடத்தின் தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொள்ள, நனைந்த ஓனிக்ஸ் மேல் மின்சாரம் பாய்ந்தது. பார்க்க அருமையான காட்சி. கேட்ரிட்ஜுக்குள் குழாய் எதுவும் இல்லை, விதி விதிதான். பிக்காச்சுவை மட்டும் நம்பிக் கிளம்பிய பிள்ளை முதல் ஜிம்மிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். விதியில் கைவைக்காமல், செய்தவர்கள் வழியில் உதவியை வைத்தார்கள். விரிடியனுக்கு மேற்கே 22ஆம் சாலைப் புல்லில் உதைக்கத் தெரிந்த மேன்கி கிடைக்கும். நிடோரன் இரட்டை உதையைப் பழைய பதிப்புகளைவிட மிகச் சீக்கிரமாக, 12ஆம் நிலையிலேயே கற்றுக்கொள்ளும். உதை பாறையை உடைக்கும். தொலைக்காட்சி அழைத்து வந்த விருந்தாளிக்காக வீட்டுச் சாமான்களை நகர்த்தி வழிவிட்ட கதை இது.

வெர்மிலியன் துறைமுகத்தில் இன்னொன்று. தொடரில் சர்ஜ் என்ற படைவீரனின் ரைச்சுவிடம் பிக்காச்சு முதலில் மோசமாகத் தோற்கும். இடிக்கல்லைத் தொட்டால் அதுவும் ரைச்சுவாக வளர்ந்துவிடலாம். மருத்துவமனையில் கல்லைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். வேண்டாம் என்று வாலால் தட்டிவிடும். பிறகு தன் சின்ன உடம்பின் வேகத்தாலேயே ஜெயிக்கும். மஞ்சள் பதிப்பில் சர்ஜிடம் இருப்பது ஒரே ஒரு ரைச்சு. உங்கள் பையில் இடிக்கல் இருந்து, அதைப் பிக்காச்சுவுக்குக் கொடுத்துப் பாருங்கள்: வாங்கிக்கொள்ளாது. கல் அப்படியே பைக்குத் திரும்பும். தொடரில் ஓர் எழுத்தாளர் எழுதிய மறுப்பு, இங்கே ஆடுபவரின் கட்டளையையே மறுக்கும் விதியாகிவிட்டது.

தொடரில் வரும் ராக்கெட் கும்பலின் ஜெஸ்ஸியும் ஜேம்ஸும் மஞ்சள் பதிப்பிலும் மியாவ்த்தோடு நான்கு இடங்களில் வழிமறிக்கிறார்கள். திரையில் பெயர் மட்டும் வராது. அதற்குத் தேவையும் இல்லை, முடியைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். பல்பசோர், சார்மாண்டர், ஸ்க்வர்டில் மூன்றும் தொடரில் ஆஷுக்கு வந்து சேர்ந்ததுபோல வழியிலேயே கிடைக்கின்றன. செருலியன் நகரத்துப் பெண் பல்பசோரைத் தர வேண்டுமானால், உங்கள் பிக்காச்சு உங்களோடு சந்தோஷமாக இருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை விளையாட்டு ஓர் எண்ணாக உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கிறது. சண்டையில் மயங்க விட்டால் குறையும்; கணினிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாலும் குறையும். 1999 நவம்பரில் வந்த தங்கம், வெள்ளி பதிப்புகளில் இந்த நட்புக் கணக்கு எல்லா உயிரினங்களுக்கும் உண்டு.

இனி அந்தக் கரகரப்பு. கேம் பாயில் நான்கு ஒலித்தடங்கள்தான். மனிதக் குரலுக்காகச் செய்த கருவி இல்லை அது. ஒடானியின் குரலை வெட்டி நறுக்கி, ஒவ்வொரு துணுக்கையும் ஒரே பிட்டாக்கி விட்டார்கள். உண்டு, இல்லை, இரண்டே நிலை. ஏற்றமும் இறக்கமுமான ஒரு குரல் அலையில் மிஞ்சியது, ஒலி இப்போது இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். அதைத் திருப்பி இசைக்க, செயலி ஒரு தடத்தின் ஒலியளவை மின்னல் வேகத்தில் திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் அதனால் வேறு வேலை எதுவும் செய்ய முடியாது. கவனித்துப் பார்த்தால் தெரியும்: பிக்காச்சு பேசும்போது திரையில் எல்லாம் உறைந்து நிற்கும். அந்தச் சின்ன எலி வாயைத் திறந்தால் உலகமே நின்று கேட்கிறது. இத்தனை இழப்புக்குப் பிறகும் குறும்பும் ஏக்கமும் பிரிந்து தெரிகின்றன என்றால், ஒடானியின் குரலில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

பிறகு வந்தவை வேகமாக வந்தன. 2013இல் எக்ஸ், ஒய் பதிப்புகளில் அவர் குரல் முழுத் தெளிவோடு ஒலித்தது. 2017இல், தொடரின் இருபது ஆண்டுகளையொட்டி, ஆஷின் தொப்பிகளை அணிந்த பிக்காச்சுகளை விளையாட்டுக்குள் பரிசாகக் கொடுத்தார்கள். அவையும் ரைச்சுவாக மாறாதவை. 2018 நவம்பரில் மஞ்சள் பதிப்பே ‘லெட்ஸ் கோ, பிக்காச்சு’ என்று புதிதாக வந்தது. பின்னால் ஓடிவந்த எலி இப்போது தோளில் ஏறிக்கொண்டது. 2023 மார்ச்சில் ஆஷ் தொடரிலிருந்து விடைபெற்றான். அடுத்து வந்த தொடரில் தொப்பி போட்ட கேப்டன் பிக்காச்சு ஒன்று இருக்கிறது. வேறு பிக்காச்சுதான், குரல் ஒடானியுடையது.

நான் மட்டும் பழைய கேட்ரிட்ஜின் வெர்மிலியன் நகரத்துக்கே போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே போகிமான் ரசிகர் மன்றம் என்று ஒரு சின்ன வீடு. சிவப்பு, பச்சை பதிப்புகளில் அங்கே ஒருவர் தன் பிக்காச்சுவைக் கூட வைத்திருப்பார். மஞ்சள் பதிப்பில் அந்த இடத்தில் நிற்பது கிளெஃபேரி. உள்ளே நுழைந்ததும் பின்னால் வந்த பிக்காச்சு கிளெஃபேரியின் பக்கத்தில் போய் நின்றுவிடும். ஏ பொத்தானை அழுத்தினேன். முகம் பெரிதாக வந்தது. கண்கள் இரண்டும் இதயங்களாக மாறியிருந்தன.